மத்யம வாசல்

எர்ணாகுளம் பிராட்வேக்குப் பியானோ கேட்க யாரும் போவதில்லை. குடை, துணி, பேன்சி சாமான், மொத்த விலையில் ஏலமும் மிளகும், சீசன் வந்தால் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் என்று அந்தத் தெருவுக்கு அதன் சரக்கே போதும். ஒரு கைவண்டி குறுக்கே நின்றால் தெருவே நின்றுவிடும். ஆனால் நிமிர்ந்து பார்க்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு மாடிகளில் வேறொரு பிராட்வே உண்டு: டைப்ரைட்டிங், தையல், டியூஷன், சங்கீதம். அப்படியொரு மாடியிலிருந்து ஒரு பையன் கீபோர்டில் வாசிப்பது சுமைக்காரர்களின் கூப்பாட்டுக்கு நடுவே இறங்கி வரும். அவன் ஓட ஓட, மாஷ், அதாவது வாத்தியார், 'பதுக்கெ மோனே, பதுக்கெ' (மெதுவாக மகனே) என்று பிடித்து இழுப்பதும் சேர்ந்தே கேட்கும். ஸா, க, ப. பிறகு நீ, ஸ, ரி, ஸா. பியானோ கற்ற யாருக்கும் இது தெரிந்த ஆரம்பம். மோட்ஸார்ட்டின் சி மேஜர் சொனாட்டா, கே. 545.

இந்த ஊருக்கு மேற்கத்திய இசை புதிதல்ல. கோவில்பாட்டு என்று நாம் சொல்வதைப்போல இங்கே லத்தீன் கத்தோலிக்கக் குடும்பங்களில் பள்ளிப்பாட்டு (பள்ளி என்றால் இங்கே தேவாலயம்), கொயர் என்று தலைமுறை தலைமுறையாக நாலு குரலில் பாடுகிறார்கள். கார்னெல் பல்கலைக்கழகம் வரை போய் இசை படித்துவிட்டு வந்து, 1980இல் 'மஞ்ஞில் விரிஞ்ஞ பூக்கள்' படத்துக்கு இசையமைத்த ஜெர்ரி அமல்தேவ் கொச்சிக்காரர்தான். ஆகவே மாடியில் மோட்ஸார்ட் கேட்பது அதிசயமில்லை. அந்தச் சொனாட்டாவை எல்லோரும் 'பிள்ளைகள் வாசிக்கிறது' என்று ஒதுக்கிவிடுவதுதான் எனக்கு ஆறாத குறை.

ஒதுக்கியதற்கு ஒரு வகையில் மோட்ஸார்ட்டே காரணம். தன் படைப்புகளுக்கு அவர் கைப்பட ஒரு பட்டியல் எழுதி வந்தார். அதில் 1788 ஜூன் 26ஆம் தேதி இடப்பட்ட பதிவில், ஆரம்ப நிலை மாணவர்களுக்கான சின்னச் சொனாட்டா என்று இதைக் குறித்துவைத்தார். அதே தேதியில் அதே பட்டியலில் இருக்கும் இன்னொரு படைப்பு, அவருடைய கடைசி மூன்று சிம்பொனிகளில் முதலாவது. பணமுடை கழுத்தை நெரித்த மாதம் அது. நண்பர் ஒருவருக்குக் கடன் கேட்டுக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். மூன்றே நாளில், ஜூன் 29 அன்று, ஆறு மாதக் கைக்குழந்தை தெரேசியா இறந்துபோனாள். இதையெல்லாம் சொனாட்டாவுக்குள் தேடக் கூடாது, கிடைக்காது. அச்சேறியது 1805இல். எழுதியவர் போய்ப் பதினாலு வருஷம் ஆகியிருந்தது.

அப்போது நம் பக்கம் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்த்தால் சுவாரசியம். தியாகராஜருக்கு இருபத்தொரு வயது. முத்துசுவாமி தீட்சிதர் பதின்மூன்று வயதுப் பையன். இன்னும் கொஞ்சகாலத்தில் அவர் மணலியில் இருந்துகொண்டு, சென்னைக் கோட்டை பேண்டுக்காரர்கள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் போட்டு நோட்டுஸ்வரங்கள் ஆக்கப்போகிறார். அவை எல்லாமே சங்கராபரணத்தில், கமகம் இல்லாத நேர்ச் சுரங்களில் நிற்பவை. மேற்கின் மேஜர் ஸ்கேல் நம் காதுக்குச் சங்கராபரணம்தான். நோட்டுஸ்வரம் கேட்டுப் பழகியவருக்கு கே. 545இன் முதல் வரி அந்நியமாகப் படவே படாது.

முதல் வரியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். முதல் பாரில், நம் கணக்கில் முதல் ஆவர்த்தனத்தில், ஸட்ஜம் அரை பார் நீளம் நிற்கிறது. பிறகு காந்தாரமும் பஞ்சமமும் கால் காலாக மேலே ஏறுகின்றன. ஏறினது ஏறினபடியே போகும் என்று காது நினைக்கும். போவதில்லை. இரண்டாவது பாரில் கீழே இறங்கி நிஷாதத்தில் ஊன்றுகிறது. ஸட்ஜத்துக்குச் சற்றே குறைவாக நின்று தவிக்கிற அந்தக் காகலி நிஷாதத்தை நாமாக இருந்தால் அசைத்து, ஸட்ஜத்தைத் தொட்டுத் தொட்டு மீண்டிருப்போம். பியானோவில் சுரத்தை அசைக்க வழியில்லை. அதனால் அவர் நிஷாதத்தை ஒன்றரை மாத்திரை பிடித்து நிறுத்தி, ஸ, ரி என்று இரண்டு பொடிச் சுரங்களைச் சுண்டிவிட்டு ஸட்ஜத்தில் அமர்கிறார். கமகத்தின் வேலையை அந்த இரண்டு பொடிச் சுரங்கள் செய்துவிடுகின்றன. மூன்றாம் பாரில் தைவதத்தில் தொடங்கி மேல் ஸட்ஜத்தை ஒரு நொடி எட்டிப் பார்த்துவிட்டு, நாலாம் பாரில் மத்யமத்தில் சிறு நடுக்கம் கொடுத்துக் காந்தாரத்தில் முடிகிறது. நாலே பார்; ஏழு சுரமும் வந்துவிட்டன. ராகத்தின் முகவரியை முழுக்க எழுதியாயிற்று.

இந்நேரம் இடது கை என்ன செய்கிறது? ஒரு கார்டின் மூன்று சுரங்களை ஒன்றாக அமுக்காமல், அடி, மேல், நடு, மேல் என்று பிரித்துப் பிரித்து ஓடவிடுகிறது. வெனிஸ்காரர் டொமெனிக்கோ ஆல்பர்ட்டி இதை ஓயாமல் கையாண்டதால் ஆல்பர்ட்டி பேஸ் என்று அவர் பெயராகிவிட்டது. பாடத்தில் இது சுலபம். காதில் சுலபமில்லை. அந்த இடது கையின் அடிச்சுரத்தை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுப் பாருங்கள்: ஸ, ரி, ஸ, மூன்றாம் பார் முழுக்க ஸ, நாலாம் பாரில் கீழே நி, மறுபடி ஸ. ஸட்ஜத்தை விட்டு ஒரு படிக்கு மேல் நகர்வதே இல்லை. தம்பூரா போல ஒரே இடத்தில் மீட்டவும் இல்லை. இளையராஜா பாட்டுகளில் கிடாரோ பியானோவோ பின்னால் கார்டைப் பிரித்துக்கொண்டே போவதைக் கேட்டு வளர்ந்த தமிழ்க்காதுக்கு இது சொல்லித்தர வேண்டிய விஷயமல்ல.

ஐந்தாம் பாரில் ஓட்டம் தொடங்குகிறது. தைவதத்திலிருந்து ஏறி இறங்குவது, அடுத்து பஞ்சமத்திலிருந்து, அடுத்து மத்யமத்திலிருந்து, காந்தாரத்திலிருந்து, இப்படி. அப்பட்டமான சரளி வரிசை. இதில் என்ன நயம் என்று கேட்கலாம். ஒவ்வொரு ஏற்றமும் அட்டகாசமாக மேலே போகிறது. ஆனால் தொடங்குகிற இடம் ஒவ்வொரு தடவையும் ஒரு சுரம் கீழே. மேலே ஏறுகிற மாதிரிக் காட்டிக்கொண்டே மொத்த இசையும் படி இறங்குகிறது. வேகமாக வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் ஏற்றத்தை மட்டும் வாசிப்பார்கள். ஒவ்வொரு பாரின் முதல் சுரத்தையும் லேசாக ஊன்றி வாசிக்கிறவர் கையில்தான் த, ப, ம, க என்று நிதானமாக இறங்கும் அந்த இன்னொரு பாட்டு கேட்கும்.

இறங்கி வந்து பன்னிரண்டாம் பாரில் பஞ்சமத்தின் கார்டில் நிற்கிறது. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இது ஒரு வாசல். பிறகு இங்கே மறுபடி வருவோம்.

அடுத்து ஒரு பார் துணைச்சுரங்கள் மட்டும் ஓட, இரண்டாவது மெட்டு வருகிறது. முதல் மெட்டு கார்டின் படிகளில் ஏறியது என்றால் இது அதே மாதிரிப் படிகளில் இறங்குவது. இங்கே ஸட்ஜமே இடம் மாறிவிட்டது. இதுவரை பஞ்சமமாக இருந்த ஜி, இப்போது ஸட்ஜம். இதற்காக மோட்ஸார்ட் மாற்றியது ஒரே ஒரு சுரம்: எஃப் போய் எஃப் ஷார்ப். பழைய ஸட்ஜத்தைக் காதில் விடாப்பிடியாக வைத்துக்கொண்டு கேட்கிறவருக்கு, சுத்த மத்யமம் பிரதி மத்யமம் ஆகிவிட்டது. சங்கராபரணம் கல்யாணி ஆகிவிட்டது. புது ஸட்ஜத்துக்கு மனசைக் கொடுத்துவிட்டவருக்கோ எதுவும் மாறவில்லை, அதே சங்கராபரணம் வேறு சுருதியில். எனக்கு இரண்டும் மாறி மாறிக் கேட்கும். கர்நாடக சங்கீதத்தில் ஊறிய காதுக்குக் கிடைக்கிற உபரி வருமானம் இது. வியன்னாக்காரர்களுக்கு இந்தக் கல்யாணி கிடைத்திருக்காது.

சுருதியை இடம் மாற்றுவது நம்மிடம் இல்லாதது என்று சொல்வார்கள். கச்சேரியில் தம்பூரா ஓடும்போது ஸட்ஜம் நகராது, உண்மைதான். ஆனால் அந்த எண்ணம் நமக்குப் பழையது. சிலப்பதிகாரத்தில் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழில் எதையும் குரலாக, அதாவது ஸட்ஜமாக வைத்துப் பாலைகளைப் பிறப்பிக்கும் முறை அரங்கேற்று காதையிலேயே விரிவாக இருக்கிறது. ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு பெண்களுக்கு அந்த ஏழு பெயரையும் சூட்டி வட்டமாக நிறுத்துகிறாள். இளியைக் குரலாக்குவது, உழையைக் குரலாக்குவது என்றால் அங்கே எல்லோருக்கும் புரியும். வித்தியாசம் இதுதான்: நம் முறையில் ஏழு சுரமும் அப்படியே இருக்க, ஆரம்பம் மட்டும் மாறும், அதனால் பண் மாறும். மோட்ஸார்ட் ஒரு சுரத்தைத் திருத்தி, பண்ணை மாறாமல் காப்பாற்றுகிறார்.

பிராட்வேயிலிருந்து மேற்கே ஒரு சந்து நடந்தால் ஷண்முகம் ரோடு. கோவைக்காரரான ஆர். கே. சண்முகம் செட்டியார் 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்ததால் வந்த பெயர். பின்னால் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆனவர். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரை எழுதியவரும் அவரே. அரங்கேற்று காதை அதற்குள்தான் வருகிறது. தினமும் அந்த ரோட்டில் பஸ் ஏறுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ.

சொனாட்டாவுக்குத் திரும்புவோம். இருபத்தெட்டாம் பாரோடு முதல் பாதி முடிகிறது. அடுத்து வருவது பதின்மூன்றே பார். மேஜரின் வெயில் போய் ஜி மைனரின் நிழல். புது விஷயம் எதுவும் பேசுவதில்லை. முதல் பாதியின் வால்நுனியில் இருந்த ஒரு சின்னத் துணுக்கை எடுத்து, இரண்டு கைகளுக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்து, டி மைனர், ஏ மைனர் என்று கொண்டுபோகிறார். வேறு யாராவது என்றால் இந்த இடத்தில் இரண்டு பக்கம் உழைத்திருப்பார்கள்.

இனி வீடு திரும்ப வேண்டும். அந்தக் காலத்துச் சொனாட்டாவின் சம்பிரதாயம் கண்டிப்பானது: எங்கெங்கு சுற்றினாலும் முதல் மெட்டு மறுபடி வரும்போது தன் சொந்த ஸட்ஜத்தில் வர வேண்டும். கேட்கிறவர் அந்தத் தருணத்துக்காகவே காத்திருப்பார். நாற்பத்திரண்டாம் பாரில் முதல் மெட்டு வருகிறது, ஸா, க, ப என்று அச்சு அசலாக. ஆனால் சி மேஜரில் அல்ல; எஃப் மேஜரில். மத்யமத்தில்!

நமக்கு மத்யம சுருதி தெரியும். புன்னாகவராளி, நாதநாமக்ரியை போன்றவற்றைப் பாட வரும்போது தம்பூராவில் பஞ்சமத் தந்தியை மத்யமத்துக்கு இறக்கி, மத்யமத்தையே ஸட்ஜமாகக் கொள்வார்கள். அந்தச் சமயத்தில் மேடையில் ஒரு தளர்வு, ஒரு நெருக்கம் வந்துவிடும். கே. 545இன் நாற்பத்திரண்டாம் பாரில் எனக்குக் கேட்பது அதுதான். பஞ்சமத்துக்குப் போவது வெளியே கிளம்புகிற காரியம், பளிச்சென்று இருக்கும். மத்யமத்துக்குப் போவது உள்ளே போவது. அடுத்த பாரிலேயே இடது கையில் ஒரு பி ஃபிளாட் விழுகிறது. சி-யை இன்னும் ஸட்ஜமாகப் பிடித்திருக்கும் காதுக்கு அது கைசிகி நிஷாதம், ராகம் ஹரிகாம்போதி. 28ஆவது மேளம் ஹரிகாம்போதி, 29 சங்கராபரணம், 65 கல்யாணி. அடுத்தடுத்த இரண்டுக்கு நடுவே ஒரே ஒரு சுரம்தான் வித்தியாசம். இரண்டே மெட்டை வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கான சின்னச் சொனாட்டா என்று பெயர் போட்டுக்கொண்டு, இந்த மூன்றையும் அவர் காட்டிவிடுகிறார். வீடு வந்துவிட்டது என்று மெட்டு சொல்கிறது. இல்லை என்று சுருதி சொல்கிறது. எனக்குத் தெரிந்து இவ்வளவு மிருதுவான ஏமாற்று சங்கீதத்தில் அதிகம் இல்லை.

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் கணக்கு இப்படி: முதல் பாதியில் சி-யிலிருந்து ஜி-க்குப் போனார், முதல் மெட்டு திரும்பி வரும் பகுதியை எஃப்-இல் தொடங்கிவிட்டால் அதே பாதையை அப்படியே நகல் எடுத்து சி-க்கு வந்துவிடலாம், புதிதாக எழுத வேண்டியதில்லை. நகல் எடுத்திருந்தால் ஒத்துக்கொள்ளலாம். எடுக்கவில்லையே. முதல் பாதி இருபத்தெட்டு பார். எஃப்-இல் தொடங்கிக் கடைசிவரை போகிற பகுதி முப்பத்திரண்டு. கூடுதலான நாலு பாரும் அந்தச் சரளி வரிசை ஓட்டத்தில் சேர்ந்திருக்கின்றன. இந்தத் தடவை ஓட்டத்தில் இடது கைக்கும் பங்கு. அந்த ஓட்டத்தின்போதே எஃப் கரைந்து சி ஊறி வருகிறது. எந்தச் சுரத்தில் மாறியது என்று விரல் வைத்துச் சொல்வது சிரமம்.

ஓட்டம் முடிந்து நிற்கிற இடம் எது தெரியுமா? பன்னிரண்டாம் பாரில் பார்த்தோமே, அதே வாசல். அதே ஜி கார்டு. போன தடவை அந்த வாசலில் நின்று, இதுவே வீடு என்று ஜி-க்குள் நுழைந்தார். இந்தத் தடவை அதே வாசலில் நின்று சி-க்குள் நுழைகிறார். இரண்டாவது மெட்டு, முன்பு ஜி-யில் இறங்கியது, இப்போது சொந்த ஸட்ஜத்தில் இறங்குகிறது. கல்யாணி இல்லை, ஹரிகாம்போதி இல்லை, சங்கராபரணம்.

மற்ற இரண்டு மூவ்மென்ட்டுகளைப் பற்றி இவ்வளவு சொல்ல என்னிடம் இல்லை. இரண்டாவது, ஜி மேஜரில் மெல்லிய நடை; ஆல்பர்ட்டி பேஸ் கிட்டத்தட்ட முழுதும் ஓடுகிறது. மெட்டு திரும்பி வரும்போதெல்லாம் கொஞ்சம் நகாசு கூடுகிறது. நடுவில் மைனருக்குப் போகிற இடம் நெஞ்சைத் தொடும். மூன்றாவது, ஒரு ரொண்டோ. வலது கை இரட்டைச் சுரத்தில் சொன்னதை இடது கை பின்னாலேயே திருப்பிச் சொல்லி விளையாடுகிறது. கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். அதுவே அதன் அழகு, அதுவே அதன் குறையும்.

ஆர்ட்டர் ஷ்னாபல் என்ற பெரிய பியானோ மேதை, மோட்ஸார்ட் சொனாட்டாக்கள் பிள்ளைகளுக்கு ரொம்பச் சுலபம், கலைஞர்களுக்கு ரொம்பக் கஷ்டம் என்ற பொருளில் சொல்லியிருக்கிறார். கஷ்டம் எங்கே என்றால், மறைந்துகொள்ள இடமில்லை. பெரிய கார்டுகள் இல்லை, பெடலை மிதித்துப் பூசி மெழுக முடியாது. மூன்று சுரம் வாசித்தால் மூன்றும் தனித்தனியாக நின்று சாட்சி சொல்லும். நார்வேக்காரர் எட்வர்ட் கிரீக் 1870களில் இதற்கு இரண்டாவது பியானோ ஒன்று எழுதிச் சேர்த்தார், மாணவர்களோடு சேர்ந்து வாசிக்க. கெட்டிக்காரத்தனமாகத்தான் இருக்கிறது. எனக்கு ஒப்பவில்லை. மோட்ஸார்ட் விட்டுவைத்த காலி இடங்களை எல்லாம் அவர் நிரப்பிவிட்டார்.

பிராட்வே மாடிப் பையன் வாசிக்கிற கீபோர்டைப் பற்றி ஒரு வார்த்தை. முதுகில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் வருகிறார்களே, அந்த ரகத்தில் 61 கட்டைகள், ஐந்து ஸ்தாயி. இன்றைய கச்சேரிப் பியானோவுக்கு 88 கட்டை இருப்பதால் இதை ஏதோ குறைந்ததாக நினைப்பார்கள். மோட்ஸார்ட் வீட்டில் வைத்திருந்த, வியன்னாவின் ஆன்டன் வால்ட்டர் செய்த பியானோவிலும் 61 கட்டைதான், ஐந்து ஸ்தாயிதான். இரும்புச் சட்டம் இல்லாத மரப்பெட்டி, கால் பெடல் இல்லை. முழங்காலால் நெம்புகிற மரப்பட்டைகள் இருந்தன. சத்தம் சீக்கிரம் அடங்கிவிடும். அதனால் ஆல்பர்ட்டி பேஸ் கலங்காமல், ஒவ்வொரு சுரமும் உதிரி உதிரியாகக் கேட்கும். விரலின் அழுத்தத்துக்கு ஏற்பச் சத்தம் கூடிக் குறையாத விலைமலிந்த கீபோர்டில்தான் உண்மையான நஷ்டம். இடது கையை அடக்கி வலது கையைப் பாடவைக்க அதில் முடியாது. பெற்றோர்கள் கட்டையை எண்ணி வாங்காமல், அழுத்தத்துக்கு ஏற்ப ஒலிக்கிறதா என்று தட்டிப் பார்த்து வாங்கட்டும்.

கேட்க நினைக்கிறவர்களுக்கு: மிட்சுகோ உச்சிடாவின் பதிவில் தொடங்கலாம். பிறகு, பழைய மாதிரிப் பியானோவில் ரோனால்ட் பிராவுட்டிகம் வாசித்ததைக் கேளுங்கள். இடது கை எவ்வளவு தெளிவு என்று புரியும். கிளென் கூல்டுடையதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தலைதெறிக்க ஓடுகிறார், நாற்பத்திரண்டாம் பாரின் அந்த மத்யம வாசலில் ஒரு கணம்கூட நிற்பதில்லை. முதல் மூவ்மென்ட் சில நிமிஷம்தான். முதல் தடவை சும்மா கேளுங்கள். இரண்டாம் தடவை, கீழே ஒரு தம்பூரா ஆப்பில் சி ஸட்ஜத்தைப் போட்டுக்கொண்டு கேளுங்கள். தம்பூராவோடு உரசுகிற இடங்கள் வரும், பரவாயில்லை. கல்யாணியும் ஹரிகாம்போதியும் எங்கே வந்து போகின்றன என்று உங்கள் காதே சொல்லும்.